அடைக்கலம் வந்த நாயும் அஹிம்சை அணுவிரதமும்

சிராவக இல்லத்தில் நாய் வளர்க்கலாமா என்னும் வினா நம் குடும்பங்களில் புதிதன்று. கூடாது என்றே பெரியோர் பலரும் சொல்லி வந்துள்ளனர். அவர்கள் கூற்றை நாயின் மீதுள்ள வெறுப்பு என்று தள்ளிவிடுதல் முறையாகாது. பூனை முதலிய கொல்லும் விலங்குகளைப் பேணுதலைக் கார்த்திகேயானுப்ரேக்ஷை அனர்த்த தண்டத்தில் அடக்குகிறது. ஹேமசந்திர ஆசாரியரின் யோகசாஸ்திரமும், பொருள் கருதி இத்தகைய உயிர்களை வளர்ப்பதைச் சிராவகர் விலக்க வேண்டிய தொழில்களுள் ஒன்றாக எண்ணுகிறது. ஊனுண்ணும் இயல்புடைய உயிரை நாமே விரும்பிக் கொணர்ந்து பேணினால், அது செய்யும் கொலையில் நமக்கும் பங்கு உண்டு என்பதே அந்நூல்களின் கருத்து.

எனினும், நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் வினா அதனினும் குறுகியது. விலை கொடுத்து ஒரு குட்டியை வாங்கி வளர்ப்பது பற்றி நாம் பேசவில்லை. பிறரால் வாங்கப்பட்டு, வளர்க்கப்பட்டு, பின் கைவிடப்பட்ட முப்பது நாற்பது கிலோ எடையுள்ள ஒரு பெரிய நாய் நம் முன் நிற்கிறது. அதற்கு இல்லத்தில் இடம் தரலாமா? தந்தால், தந்த பிறகு என்ன?

நம் தமிழ் நூல்களில் இவ்வினாவுக்குத் துணையாக இரண்டு நாய்கள் உள்ளன. முதலாவது சீவகசிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில் வருவது. வேள்விச் சோற்றைத் தீண்டியதற்காக அந்தணர்களால் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அது உயிர் நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, நன்றி மறவாமல் வந்து சீவகனைக் காண்கிறது; பின்னர்க் கட்டியங்காரன் அவனைக் கொல்ல முயன்றபோது தூக்கிச் சென்று காக்கிறது. தஞ்சைத் தரணியில் உள்ள நமக்கு இக்காவியத்தோடு ஒரு தனி உறவும் உண்டு. 1880-இல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராக வந்த உ.வே. சாமிநாதையர், சிந்தாமணியின் சமயக் கருத்துகளை அவ்வூர் ஜைன இல்லத்தாரிடம் கேட்டுத் தெளிந்தே 1887-இல் அதை அச்சேற்றினார். அந்த நாயின் கதையும் நம் முன்னோர் வீட்டுத் திண்ணைகளில் விளக்கம் பெற்றிருக்கக்கூடும்.

இக்கதையைச் சொல்லி, நாயிடம் இரக்கம் காட்டுவது நம் மரபே என்று முடித்துவிடுவது எளிது. அவ்வாறு முடிப்போர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த நாய் இறந்துவிடுகிறது. சீவகன் அதை வீட்டுக்குக் கொண்டு செல்ல வேண்டிய நிலை எழவில்லை. அது பிழைத்திருந்தால் கந்துக்கடன் மாளிகையில் எங்கே கட்டுவது, யார் சோறு வைப்பது, பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கண்டு உறுமினால் என்ன செய்வது என்ற வினாக்களெல்லாம் எழுந்திருக்கும். திருத்தக்க தேவருக்கு அவற்றைப் பாடும் தேவை இருக்கவில்லை.

அவற்றைப் பாடியது யசோதர காவியம். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட தீவினையால் யசோதரன் மயிலாகவும் அவன் தாய் சந்திரமதி நாயாகவும் பிறக்கின்றனர். இரண்டும் யசோதரனின் மகனான அரசனிடமே வந்து சேர்ந்து, ஒரே அரண்மனையில் வளர்கின்றன. ஒருநாள் அந்த நாய் மயிலைக் கவ்விக் கொன்றுவிடுகிறது. அரசன் சினந்து நாயைக் கொன்றுவிடுகிறான். தாய் மகனைக் கொல்ல, பேரன் பாட்டியைக் கொன்றான் என்பதை அங்கிருந்த ஒருவரும் அறியவில்லை. அந்த நாய்க்கு அரண்மனையில் உணவுக்குக் குறைவிருந்திராது. ஆயினும், நாயையும் மயிலையும் ஓரிடத்தில் விட்டவர் எவரும் இரண்டின் இயல்பையும் எண்ணிப் பார்க்கவில்லை. நடந்ததற்குத் தண்டனை பெற்றது நாய் மட்டுமே.

சாகும் நாய்க்குச் சீவகன் செய்தது அரை நாழிகை அறம். உயிரோடிருக்கும் நாய்க்குச் செய்ய வேண்டியது பத்தாண்டு அறம். அடைக்கலம் தருவோர் முதலில் எண்ண வேண்டியது இரண்டாவது நாயைத்தான் என்பது நம் கருத்து.

பெரிய நாய்கள் கைவிடப்படுவது ஏன்? நம் டெல்டாப் பகுதியில் தென்னந்தோப்பு, மோட்டார் கொட்டகை, அரிசி ஆலை ஆகியவற்றின் காவலுக்கென வாங்கப்படும் நாய்கள் உண்டு. நகரத்தில் பெருமைக்கென வாங்கப்படுபவையும் உண்டு. தோப்பு கைமாறினால், வீட்டுக்காரர் வெளிநாடு சென்றால், குட்டி வளர்ந்து கையை மீறினால், அவிழ்த்துவிடப்படுகின்றன. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. அவ்வினத்து நாய்கள் பலவும் நாள் முழுதும் நான்கடிச் சங்கிலியில்தான் கழிக்கின்றன.

அண்மை ஆண்டுகளில் அச்சமும் இதனோடு சேர்ந்துகொண்டது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாயினங்களுக்கு உரிமம் தர வேண்டாம் என மாநிலங்களுக்கு எழுதியது; ஏப்ரலில் தில்லி உயர்நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை நீக்கியது. மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ராட்வீலர் நாய்கள் இரண்டு ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துப் படுகாயப்படுத்தின. 2025-இல் தெருநாய் வழக்கை உச்சநீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 11-ஆம் நாள் தில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டு, 22-ஆம் நாள் அதை மாற்றிக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அந்தந்த இடத்திலேயே விடும்படியும், வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் மட்டும் விடப்படலாகாது என்றும் கூறியது. அந்த இரண்டாம் ஆணையில் நம் பொருளுக்கு வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. விரும்புவோர் உள்ளாட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்தம் பொறுப்பு. விரதத்தை ஏற்றவர் இடையில் கைவிடலாகாது என்று நாம் கருதுவதற்கு இது வெகு தொலைவில் இல்லை.

தீங்கு செய்யும் உயிரைக் கொன்றால் பல உயிர்கள் காப்பாற்றப்படுமே என்ற வாதம் இவ்விவாதங்களில் அடிக்கடி எழுகிறது. இது பழைய வாதம். அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதை எடுத்து மறுத்திருக்கிறார். ஆனால், மறுப்பவருக்கு அதன்பின் ஒரு கடமை வந்து சேர்கிறது. கொல்லக்கூடாது என்று சொல்பவர், அந்த உயிரால் பிறர்க்குத் தீங்கு நேராதபடி காக்கும் வேலையில் பங்கு கொள்ள வேண்டாவோ? சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதை நாம் ஜீவதயை என்று எண்ணுவதற்கில்லை.

நால்வகைத் தானங்களுள் அபயதானமும் ஒன்று. உணவும் மருந்தும் கைமாறியவுடன் தானம் நிறைவேறிவிடும். அபயமோ, பெறுபவர் மனத்தில் அச்சம் நீங்கினாலன்றி நிறைவேறாது. காப்பகத்திலிருந்து வண்டியில் ஏற்றி வந்த நாளில் நாய்க்கு நாம் அபயம் தந்துவிட்டதாக எண்ணுகிறோம்; நாயைப் பொறுத்தவரை, தெரிந்த இடத்திலிருந்து தெரியாதோர் அதைக் கொண்டுவந்துவிட்டார்கள், அவ்வளவே. முதல் நாட்களில் அது உண்ண மறுக்கலாம். ஊஞ்சலுக்கடியில் புகுந்து வெளிவராமல் இருக்கலாம். வாலை ஒடுக்குவதும், முகத்தைத் திருப்புவதும், தூக்கமின்றியே கொட்டாவி விடுவதும், உதட்டை நக்கிக்கொள்வதும் அச்சத்தின் குறிகளே. பெரிய உடலைக் கண்டு அதற்கு அச்சமே இராது என்று நாம் எண்ணிவிடுகிறோம். சிறிய நாய் நடுங்கினால் மடியில் எடுத்துக்கொள்ளும் நாம், பெரிய நாய் நடுங்கும்போது கோலைத் தேடுகிறோம்.

பழகியோர் கூறும் கணக்கு ஒன்றுண்டு: மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம். முதல் மூன்று நாளில் திகைப்பு சற்று அடங்கும். மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும். இது தன் இடம் என்ற உணர்வு வர மூன்று மாதமாகும். இதற்குக் குறைவாகவும் மிகுதியாகவும் ஆவதுண்டு. கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை என்ற அமைப்பு இருக்கிறது. தெருவை நோக்கிய திண்ணையும் ரேழியும் புதிய நாய்க்கு ஆகா. போவோர் வருவோர் யாவரும் அதற்குப் பகைவராகத் தோன்றுவர். இரண்டாங்கட்டில் ஒரு மூலை, ஒரு சாக்கு, ஒரு நீர்த்தொட்டி, அங்கே அதை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்ற கட்டுப்பாடு ஆகியவையே முதல் மாதத்துக்குப் போதும். உறவினரை அழைத்துக் காட்டுவதைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

உறுமல் பற்றி ஒரு சொல். நாய் உறுமினால் அடிப்பது பலர் வழக்கம். உறுமல் அதன் மொழி. அருகில் வராதே என்பது அதன் பொருள். அதை அடித்து அடக்கினால் அச்சம் போகாது, அறிவிப்பு மட்டும் போய்விடும். அடுத்த முறை அது அறிவிப்பின்றியே கடிக்கும். உள்ளதை உள்ளபடி சொன்னதற்காக ஓர் உயிரைத் தண்டித்து, பொய்மையைக் கற்பிப்பதற்கு இது ஒப்பாகும்.

அஹிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்படுகின்றன: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிப் பாரமேற்றல், ஊணும் நீரும் மறுத்தல். அருங்கலச்செப்பு படித்தோர் இவற்றை மனப்பாடமாகவே அறிவர். மாடும் எருதும் இல்லாத வீடுகளில் இப்பட்டியல் பழங்கதை போல் ஒலிக்கும். ஒரு பெரிய நாய் வந்த மறுநாளே அது நேற்று எழுதியது போல் ஆகிவிடும்.

முதலாவதையே பார்ப்போம். நாற்பது கிலோ நாயைக் கட்டாமல் வைத்திருக்க இயலுமா? உரையாசிரியர்கள் இதை நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். காரணமின்றிக் கட்டுதல் கூடாது. காரணம் பற்றிக் கட்டினும் இறுக்கமின்றி, தீப்பற்றினால் உடனே விடுவிக்கத்தக்கதாகக் கட்ட வேண்டும். கட்டாமலே வைத்திருக்கத்தக்க உயிர்களை வைத்திருப்பதே மேல் என்பது அவர்கள் முடிவு. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதையும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாய்க்கு உலவ வழி செய்யாமையையும் குற்றமாக்கியிருக்கிறது. அச்சட்டத்தில் முதற்குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! நம் நூல்கள் விதித்த அளவு இதைவிடக் கடுமையானது என்று பெருமைப்படலாம், பின்பற்றினால்.

வீட்டினுள் கட்டு வேண்டாம், வேலியும் கதவும் போதும் என்பது நம் எண்ணம். வெளியே செல்லும்போது மார்புப் பட்டையும் கயிறும் வேண்டும். கழுத்தை இறுக்கும் சங்கிலி வேண்டாம். அறுவடை முடிந்த வயலில் வரப்போடு நடக்கும்போது கயிற்றை அவிழ்த்துவிட ஆசை எழும். அங்கே எலி வளையும் கீரியும் கொக்கும் நாரையும் இருக்கின்றன. அங்கே பிடிக்கும் கயிறு அந்த உயிர்களுக்கு நாம் தரும் அபயமாகிறது. யசோதர காவியத்து அரண்மனையில் இல்லாமற்போனது இந்தக் கயிறுதான்.

அளவுக்கு மீறிய பாரம் என்பதை நாய்க்கு எப்படிப் பொருத்துவது? சித்திரை வெயிலில் பதினொரு மணிக்குத் தார்ச்சாலையில் நடத்திச் செல்வது பாரமே. பெரிய உடல் வெப்பத்தை எளிதில் வெளியேற்றாது. காலை ஆறு மணிக்குள் நடையை முடித்துக்கொள்ளலாம். மகாவீரர் வீடுபேறு எய்திய தீபாவளி நாளில் ஊர் வெடிக்கும் வெடிகளும் அதற்குப் பாரம். உள்ளறையில் அதனோடு ஒருவர் அமர்ந்திருக்க வேண்டிய இரவு அது.

உறுப்பறுத்தல் என்ற இடத்தில் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. அழகுக்காக வாலும் காதும் வெட்டுவது ஐயமின்றிப் பாவம். கருத்தடை? அதுவும் உடலில் கத்தி வைப்பதே. வளர்ப்பு விலங்குகளை ஆண்மை நீக்குவதைத் தொழிலாகக் கொள்ளுதல் நம் நூல்களில் விலக்கப்பட்டுள்ளது. ஆனால், ஒரு பெட்டை நாய் ஓர் ஈற்றில் ஆறு ஏழு குட்டிகள் போட்டு, அவற்றுள் பெரும்பாலானவை சாலையில் நசுங்குவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். 1996-இல் சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டதும், 1960-களிலிருந்தே நீலச்சிலுவைச் சங்கம் வலியுறுத்தி வந்த இம்முறையை ஏற்றதனால்தான். கருத்தடையை நாம் ஏற்கிறோம். அதில் ஹிம்சையே இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டோம். சிறிய ஹிம்சையை அறிந்து ஏற்பவருக்கு அடக்கமாவது மிஞ்சும்.

இனி ஊண். நம் வாசகர் பலருக்கும் இதுவே முதல் தடை. நாய்க்கு ஊன் சமைத்துப் போடச் சிராவக இல்லம் ஒப்பாது, ஒப்பவும் வேண்டியதில்லை. பூனை ஊனின்றி வாழ இயலாத உடலமைப்புடையது, நாய் அப்படியன்று. மனிதனோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்ததில், மாவுப்பொருளைச் செரிக்கும் மரபணுப் படிகள் ஓநாயைவிட நாயிடம் பெருகியிருப்பதை 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆதலால் மரக்கறி உணவில் நாய் நலமாக வாழ இயலும். ஆனால், தயிர்சாதம் போட்டால் போதும் என்ற நம் ஊர் நம்பிக்கை தவறானது. முப்பது கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,400 கலோரி வேண்டும். அதைச் சோற்றாலேயே ஈடுகட்டுவதானால் ஒரு கிலோவுக்கு மேல் சோறு வேண்டும்; வயிறு உப்பும், தசை கரையும். பருப்பு, பயறு, பனீர், தயிர், காய்கள், அவற்றோடு கால்நடை மருத்துவர் சொல்லும் சத்துச் சேர்க்கைகள், அல்லது முறையாகத் தயாரித்த மரக்கறி நாயுணவு தேவை. ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. தஞ்சைப் பகுதியினர் அறிவுரைக்குச் சென்னை வரை செல்ல வேண்டியதில்லை. மரக்கறியில் ஒரு நாயின் உடல் தேறவில்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னால், அந்த நாய்க்கு வேறு இல்லம் தேடித் தருவதே நேர்மை. நம் விரதத்துக்காக அதைப் பட்டினி போடுவது ஐந்தாம் அதிசாரமாகிவிடும். அஷ்டமி, சதுர்த்தசி உபவாசமும் நமக்கே, நாய்க்கன்று.

ஒரு வசதி நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. அவற்றை விலக்கிய சமையலறை அதற்குப் பாதுகாப்பான இடம். திராட்சையும் உலர்திராட்சையும் அவ்வாறே நஞ்சு. பிரசாதமாயினும் கொடுக்கக்கூடாது. சூரியன் மறையுமுன் உண்ணும் வழக்கத்துக்கு நாய் சில நாட்களில் பழகிவிடும்.

பக்கத்து வீட்டாரின் அச்சமும் அச்சமே. அவர்கள் நம் சமயத்தாராக இல்லாமலிருக்கலாம். நாயைக் கண்டு நடுங்கும் முதியவராக இருக்கலாம். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில், நாய் வருமுன் இருபுறத்தாரிடமும் சொல்லி ஒப்புதல் பெறுதல் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியும், எலி நடமாட்டம் மிகுந்த நெல்வயல் நாடாகையால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் தவறக்கூடாது. உள்ளாட்சியில் பதிவும் செய்துகொள்க. எவரையேனும் நாயின் பல் தீண்டிவிட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தடுப்பூசி போட்ட நாய்தானே என்று சமாதானம் சொல்லலாகாது.

இத்தனையும் செய்தால் நாய் நன்றி காட்டுமா? காட்டலாம். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், வீரனின் பக்கத்தில் கோவிவன் என்னும் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். ஆனால், காவல் செய்யும் என்று எண்ணி அடைக்கலம் தந்தால், அது யோகசாஸ்திரம் விலக்கிய பயன்கருதிய வளர்ப்பாகவே மாறிவிடும். சுதஞ்சணன் திரும்பி வந்தது சீவகன் எதிர்பாராத ஒன்று. திருடனைக் கண்டு கட்டிலுக்கடியில் ஒளியும் நாய்க்கும் அதே சோறு, அதே மூலை.

எல்லோரும் இதில் இறங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தனித்து வாழும் முதியோர், நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் அடுக்கக வீட்டார், கைக்குழந்தை உள்ளோர் பெரிய நாயை ஏற்காமலிருப்பதே நல்லது. காப்பகச் செலவில் பங்கு கொள்ளலாம். 1906-இல் தொடங்கிய சென்னைப் பிஞ்சராபோல் போன்ற நிறுவனங்கள் கால்நடைகளுக்குச் செய்துவருவதை நாய்களுக்கும் நம் ஊர்ச் சங்கங்கள் சிறிய அளவில் செய்ய இடமுண்டு.

ஏற்போர் இறுதியையும் முன்னரே எண்ணிக்கொள்ள வேண்டும். உடல் பெரிதாகப் பெரிதாக நாயின் ஆயுள் சிறிதாகிறது. மிகப் பெரிய இனங்கள் எட்டு, பத்து ஆண்டுகளில் முதுமை முடிந்துவிடுகின்றன. இடுப்பு மூட்டு தேய்ந்து எழ முடியாத நாள் வரும். முப்பத்தைந்து கிலோ உடலைப் புரட்டிப் படுக்க வைக்க இருவர் வேண்டும். கருணைக் கொலை ஊசி பற்றி மருத்துவர் பேசுவார். துன்புறும் உயிரைத் துன்பத்திலிருந்து விடுவிக்கக் கொல்லலாம் என்ற வாதத்தையும் அமிர்தசந்திரர் மறுத்தே இருக்கிறார். அதை ஏற்கும் குடும்பம், வலி தணிக்கும் மருந்துக்கும், நாள்தோறும் புண் துடைப்பதற்கும், இரவில் மாறி மாறி விழித்திருப்பதற்கும் ஆளும் பணமும் வைத்திருக்க வேண்டும். சீவகன் செய்தது போல் செவியருகில் குனிந்து நமஸ்காரம் சொல்லும் வேளை இவையெல்லாம் முடிந்த பிறகே நமக்கு வரும். அன்று அந்தக் குரல் நாய்க்குப் பழகிய குரலாகவும் இருக்கும்.